எங்கள் ஓடைக்கு ஒரு நடைபாலம்

பாலம் இல்லாதபோது, மழைக்காலம் தொடங்கினால் எங்கள் ஊர் இரண்டாகிவிடும். பர்மாவின் பெகு நகரத்துக்குக் கிழக்கே, சிட்டாங் ஆற்றை நோக்கிப் பரந்து கிடக்கும் வயல்வெளியில் இருக்கிறது ஊர். ஓடையின் மேற்குக் கரையில் தமிழ்க் குடும்பங்கள், மாரியம்மன் கோயில், நெல் அரவை ஆலை. கிழக்குக் கரையில் பர்மியக் குடும்பங்கள், பௌத்த மடம், பள்ளிக்கூடம், சுகாதார நிலையம். எங்கள் வயல்களில் பாதி அந்தக் கரையில் கிடக்கின்றன. அவர்கள் நெல் எங்கள் கரையில்தான் அரைபடுகிறது. கோடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடந்துவிடலாம். வைகாசியிலிருந்து ஐப்பசி வரை சம்பான் படகை விட்டால் வழியிருக்காது.

1852இல் பெகு ஆங்கிலேயர் கைக்குப் போனபின் நெல் விளைவிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். அன்று முதல் ஆண்டுதோறும் மூங்கில் பாலம் போடுவதும், முதல் வெள்ளம் அதைக் கொண்டுபோவதும் வழக்கமாக இருந்தது. பிறகு பிங்காடோ மரத்தூண் நட்டுப் பலகைப் பாலம் போட்டார்கள். அது நெடுநாள் உழைத்தது. 2023 அக்டோபரில் பெகு நகரமே தண்ணீரில் மிதந்த அந்த வெள்ளத்தில் பலகைப் பாலமும் போய்விட்டது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை நள்ளிரவில் படகில் ஏற்றியபோது, கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் இனி இப்படி விடக் கூடாது என்று முடிவு செய்தோம்.

இன்று கான்கிரீட் நடைபாலம் நிற்கிறது. 120 அடி நீளம், 5 அடி அகலம், மூன்று கண், அதாவது தூண்கள் பிரிக்கும் மூன்று பகுதி. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், விசாரிக்கிறார்கள். பாலக் குழுவில் கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது என்பதால் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, பணம் எப்படிச் சேர்ந்தது என்பதைத்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்று சொல்வேன். பாலம் வேண்டாம் என்று யார் நினைக்கிறார்களோ, அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் முதலில் உட்காருங்கள். வேண்டும் என்கிறவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள்.

எங்கள் ஊரில் வெளிப்படையாக யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆனால் படகோட்டியின் மனைவி கை உயர்த்தியபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலம் முழுவதும் அந்த வீட்டுக்குப் படகுக் கூலிதான் சோறு. மறுநாள் நாங்கள் மூன்று பெண்கள் அவர் வீட்டுக்குப் போனோம். தேநீர் கொடுத்தார், லப்பெட் என்னும் ஊறிய தேயிலை வைத்தார், நெடுநேரம் பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில், "அக்கா, பாலம் புண்ணியம்தான். என் மகனுக்கு வேறு தொழில் தெரியாதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டத்தில் எத்தனை முறை கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

குழு இரண்டு முடிவுகள் எடுத்தது. மணலும் ஜல்லியும் கம்பியும் வந்து சேர வேண்டியது தண்ணீர் வழியாகத்தான், அந்த வாடகை முழுவதும் அவர்கள் படகுக்கே. கட்டி முடிந்தபின் பாலத்தைப் பெருக்குவது, விளக்கைப் பார்ப்பது, தூண்களில் சிக்குவதை இழுத்து விடுவது ஆகிய பராமரிப்பு வேலையும் மகனுக்கே, மாதச் சம்பளத்தோடு. இது தர்மமாகச் செய்தது அல்ல. ஓடையின் ஆழமும் இழுப்பும் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தூண் எங்கே நிற்கக் கூடாது என்று படகோட்டி காட்டிய இடத்தைத்தான் பொறியாளரும் பிறகு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது சிக்கல் கிழக்குக் கரையில். பாலம் இறங்க வேண்டிய இடம் ஒரு விவசாயியின் நெல்வயல். 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டத்தின்படி அவர் கையில் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்றான படிவம் 7 இருக்கிறது. வயலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். எட்டடி அகல மண்ணுக்காகத் தன் பத்திரமே கேள்விக்குள்ளாகுமோ என்று அவர் அஞ்சியது நியாயம். இந்த நாட்டில் நிலம் போன கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு. எங்கள் ஆட்களில் சிலர் அவரைக் கஞ்சன் என்று பேசினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவரை வற்புறுத்தி வாங்கியிருக்கலாம். பத்து ஆண்டு கழித்து அவருடைய பிள்ளை வேலி போட்டால் பாலம் அந்தரத்தில் நிற்கும்.

ஆகவே பாலத்தின் திசையையே சற்று வடக்கே திருப்பினோம். அங்கே முன்பே பொதுவழியாக இருக்கும் அகல வரப்பில் போய் இறங்குகிறது. அதனால் நீளம் கூடியது, செலவும் கூடியது. சண்டையை விட அது மலிவு என்று இன்றும் நம்புகிறேன். இரு கரையிலும் பாலம் தொடும் மண் யாருடையது என்பதைத் தாளில் எழுதி, அக்கம்பக்கத்தார் சாட்சியோடு கையெழுத்து வாங்கி, ஒரு படி கோயிலிலும் ஒரு படி மடத்திலும் வைத்திருக்கிறோம். அனுமதிக் கடிதத்துக்கு ஓர் அலுவலகத்தில் பல மாதம் காக்க வைத்தார்கள். அந்தத் தாள் இருந்ததால்தான் அங்கே கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எங்களிடம் பதில் இருந்தது.

இப்படி 2024ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் பேச்சிலேயே கழிந்தது. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் வேலை தொடங்கியபின் ஒரு நாள்கூட ஆட்சேபத்தால் நிற்கவில்லை. அந்தக் கோடையின் பலன் அது.

இனிப் பணம். ரங்கூனில் வசிக்கும் ஒரு செல்வந்தர் முழுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னார். பாலத்துக்குத் தம் பெற்றோர் பெயர் வைக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் நிபந்தனை. பர்மாவில் இது மிக இயல்பான ஆசை. பாலமும் கிணறும் சாவடியும் அமைத்துக் கொடுப்பது இங்கே பெரும் புண்ணியம். எங்கள் மடத்தின் தலைமைப் பிக்குவான சயாதோ, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஒன்றைக் கூட்டத்தில் சொன்னார். மக என்ற இளைஞன் ஊராரைச் சேர்த்துக்கொண்டு வழி சீர்செய்து, பாலம் போட்டு, சாவடி கட்டி, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் இந்திரனாகிறான். புத்தாண்டுக்கு இறங்கி வருவதாகப் பர்மியர் நம்பும் தஜாமின் அவர்தான். கதையில் எனக்குப் பிடித்த இடம், மக தனியாகச் செய்யவில்லை என்பது. கூடச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் அவனோடு தேவலோகம் போகிறார்கள்.

சயாதோவும் அதைத்தான் சுட்டிக்காட்டினார். செல்வந்தரின் பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று கண்ணில் ஒரு கண்ணின் செலவை ஏற்குமாறு கேட்டோம். கல்வெட்டில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும் என்றோம். சில வாரம் பதில் இல்லை. பிறகு சம்மதித்து வந்தார். ஒருவர் கட்டிக் கொடுத்த பாலத்தில் பலகை பெயர்ந்தால் ஊர் அவருக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். தன் வீட்டுப் பணமும் அதில் இருந்தால் பெயர்ந்த அன்றே சுத்தியலோடு ஆள் போகும். இதை அக்கம்பக்கத்து ஊர்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பணமாகக் கொடுக்க முடியாத வீடுகளே எங்கள் ஊரில் அதிகம். அவர்களுக்காகப் பெண்கள் பிடி அரிசி முறையைக் கொண்டுவந்தோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. எங்கள் பாட்டிமார் கோயில் திருவிழாவுக்கு இப்படித்தான் சேர்த்தார்கள். பர்மியப் பெண்களுக்கும் இது புதிதல்ல. விடியற்காலையில் பிக்குகளுக்குச் சோறிடும் கை அல்லவா? வெள்ளிக்கிழமை எங்கள் கரையிலும், பௌத்தர்களின் நோன்பு நாளில் அந்தக் கரையிலும் டப்பாக்களை வாங்கி, விசைத் தராசில் (ஒரு விசை சுமார் 1.6 கிலோ) நிறுத்து, வீட்டுப் பெயருக்கு நேரே எழுதுவேன். கால் விசை அரிசிக்கும் ரசீது உண்டு. ஒரு மூதாட்டி அந்த ரசீதுகளை எல்லாம் ஊசியில் கோத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். வேலை நடந்த நாட்களில் அந்த அரிசியே இரு கரைக்கும் மதியச் சோறானது. மிஞ்சியதை ஆலையில் விற்றுச் சிமெண்ட் வாங்கினோம்.

வெளிநாட்டிலிருந்தும் உதவி வந்தது. 1964க்குப் பிறகு கப்பலேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் சென்னை பர்மா பஜாரில், மலேசியாவில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பியதைக் கம்பி வாங்க மட்டும் என்று தனியே வைத்தோம். பணம் கையில் வந்ததும் பொருளாக மாற்றிவிட வேண்டும் என்பது நாங்கள் கண்ட பாடம். பர்மிய நாணயமான கியாட்டின் மதிப்பு இறங்கிக்கொண்டே போன காலம் அது. பெட்டியில் இருக்கும் பணம் மாதத்துக்கு மாதம் மெலியும். கம்பி மெலியாது. ஆனால் சிமெண்டை அப்படிச் சேர்க்கக் கூடாது. மழை ஈரத்தில் மூட்டைக்குள்ளேயே கட்டிப்பட்டுவிடும். அதை வேலைக்குச் சற்று முன்னால்தான் வாங்க வேண்டும்.

கணக்கைத் தமிழிலும் பர்மியத்திலும் கரும்பலகையில் எழுதி, கோயில் வாசலில் ஒன்று, மடத்து வாசலில் ஒன்று வைத்தோம். வந்த பணத்தை மட்டும் எழுதுகிற பலகைகளை நிறையப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருப்பில் உள்ள மூட்டைகளையும் எழுதினோம். திருட்டுப் பேச்சு எழுவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, மூட்டையால்.

உழைப்புத் தானம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயம் வர வேண்டும் என்று ஓர் இளைஞர் கூட்டத்தில் சொன்னதும் பெரியவர்கள் முகம் இறுகிவிட்டது. லோ-ஆ-பே என்ற பெயரில் சாலைக்கும் அணைக்கும் கூலியில்லாமல் இழுத்துச் செல்லப்பட்ட தலைமுறை அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 1998இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளவை இவர்களுக்குச் சொந்த அனுபவம். ஆகவே எங்கள் வேலையில் கட்டாயம் என்ற சொல்லே கிடையாது என்று முதல் வரியாக எழுதி ஒட்டினோம். வராதவர் பெயரைக் குறிப்பதில்லை, அபராதம் இல்லை. தினக்கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீட்டினர் வேலைக்கு வந்தால் கூலி கொடுத்தோம். அப்படியும் ஆள் குறையவில்லை.

வேலையை நடத்தியவர் பெகுவில் வசிக்கும் ஓய்வு பெற்ற பர்மியப் பொறியாளர். ஆசிரியர் என்ற பொருளில் சயா என்றே எல்லோரும் அழைத்தோம். அவர் வந்ததும் முதலில் செய்தது, வீடு வீடாகப் போய் 2023 வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு, சுவர்களிலும் கோயில் வேம்பிலும் இருந்த கறைகளை அளந்ததுதான். 2024 செப்டம்பரில் யாகி புயல் மழையின்போது மீண்டும் அளந்தார். எல்லாவற்றிலும் உயர்ந்த கறைக்கு மேல் மூன்று அடி விட்டுத்தான் பாலத்தின் அடிப்பகுதி இருக்க வேண்டும் என்றார். வெள்ளம் வெறும் தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. ஆகாயத்தாமரை வயல் வயலாகப் பெயர்ந்து வந்து தூண்களில் அடைத்துக்கொள்ளும், அதன்மேல் மரங்கள் வந்து மோதும். பலகைப் பாலம் விழுந்தது அப்படித்தான். பத்தடிக்கு ஒன்றாக நெருக்கமாக நின்ற தூண்களில் பச்சைச் சுவர் எழும்பியதைப் பார்த்தவர்கள் நாங்கள். புதிய பாலத்தில் 40 அடிக்கு ஒரு கண். நடு ஓட்டத்தில் தூணே இல்லை.

தொங்குபாலம் போடலாம் என்றும் பேச்சு வந்தது. செலவு குறைவு. 1987இல் ஈக்வடோரில் தொடங்கி எத்தனையோ நாடுகளில், நம் பர்மாவிலும்கூட, ஊர் மக்களின் உழைப்போடு தொங்குபாலங்கள் அமைத்த சுவிஸ் நாட்டவர் டோனி ரூட்டிமன் பற்றிச் சயா சொன்னார். பழைய கம்பிவடங்களைத் தானமாகப் பெற்றுக் கட்டுகிறார். ஆனால் 2022 அக்டோபர் 30இல் குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 130 பேருக்கு மேல் இறந்த செய்தி எங்கள் நெஞ்சில் இருந்தது. அது தொங்குபாலத்தின் குற்றமல்ல, வடத்தைக் காலாகாலத்தில் சோதிக்கவும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் ஆள் வேண்டும் என்றார் சயா. அகலமான ஆற்றுக்கு அதுதான் வழி. 120 அடி ஓடைக்கு, தூண் நட இடம் இருக்கும்போது, எங்களால் பராமரிக்க முடிந்தது கான்கிரீட்தான் என்று முடிவு செய்தோம்.

நடைபாலத்துக்கு என்ன பெரிய சுமை என்று நினைப்பவர்களுக்கு: பங்குனித் திருவிழாவில் கரகமும் காவடியும் இரு கரைக்கும் போகும். பர்மியக் குடும்பங்களும் தேங்காய் பழத்தோடு காத்திருப்பார்கள். பாலத்தின் மேல் ஆள்மேல் ஆளாக நிற்பார்கள். அந்த நெரிசலுக்குச் சதுர அடிக்கு 100 பவுண்டு என்று சயா கணக்கிட்டார். 600 சதுர அடிக்கு 60,000 பவுண்டு, ஏறக்குறைய 27 டன். அதோடு மேளத்துக்கு ஒரே தாளத்தில் கால் வைப்பது தனி. லண்டனில் 2000ஆம் ஆண்டு திறந்த மிலேனியம் நடைபாலம் நடப்பவர்களின் அடிகளாலேயே பக்கவாட்டில் ஆடி, இரண்டே நாளில் மூடப்பட்டது. எங்கள் பாலத்தில் மேளம் அடித்துக்கொண்டு போகலாம், காவடி ஆட்டத்தைக் கரை ஏறியபின் ஆட வேண்டும். கோயில் பூசாரியே இதை அறிவித்தார், எல்லோரும் மதிக்கிறார்கள்.

நில நடுக்கத்துக்காகவும் சயா பிடிவாதம் பிடித்தார். 1930 மே 5இல் பெகுவைத் தரைமட்டமாக்கி, ஷ்வேமாடோ பகோடாவைச் சரித்த நடுக்கம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தது. விட்டங்கள் தூண் தலையில் உட்காரும் இடத்தை அகலமாக்கி, நழுவாமல் தடுப்புக் கட்டைகள் வார்த்தோம். வீண் செலவு என்றவர்கள் இருந்தார்கள். 2025 மார்ச் 28இல் சகாயிங் நடுக்கம் வந்தபோது கான்கிரீட் வேலை முடிந்திருந்தது. விட்டங்கள் அசையவில்லை. கிழக்குக் கரை மண் ஏற்றம் மட்டும் இறங்கி வெடித்தது. அதை வெட்டி மீண்டும் திமிசு போட்டு இறுக்கினோம்.

கலவை போடும் வேலையில் மக்கள் கவனிக்க வேண்டியவை மிகச் சிறியவை. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் இடையில் இரண்டு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறிக் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அதற்கான சிமெண்ட் கட்டிகளைப் பள்ளிப் பிள்ளைகள் வார்த்தார்கள். பலகைச் சட்டத்தில் குழைத்த சிமெண்டை நிரப்பி, இறுகுவதற்குள் ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டுக்கம்பியைச் செருகி, மறுநாள் தட்டி எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். ஒரு சிறுமி ஒவ்வொரு கட்டியையும் அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போட விட்டாள். மணலைச் சோதித்ததும் பிள்ளைகள்தான். கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே தண்ணீருமாக ஊற்றிக் குலுக்கி வைத்தால், வண்டல் மேலே தனி அடுக்காகப் படியும். அடுக்கு தடித்திருந்தால் அந்தப் படகு மணலைக் கழுவாமல் தொடுவதில்லை.

வார்த்தபின் ஈரச் சாக்கு போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டத்தின் அடியில் முட்டுக்கொடுத்த கட்டைகளைத் திருவிழா நெருங்குகிறது என்று சிலர் முன்னதாக எடுக்கப் பார்த்தார்கள். 21 நாளுக்கு முன் தொடக் கூடாது என்று சயா சொன்னதைக் காக்க இரு கரையிலும் ஆள் போட்டோம்.

படி வைப்பதா, சரிவு வைப்பதா என்ற வாதமும் நடந்தது. படி மலிவு. ஆனால் நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வருபவர்களையும், சைக்கிளில் நெல் மூட்டை தள்ளுபவர்களையும், தடியூன்றி மடத்துக்குப் போகும் கிழவிகளையும் ஒரு வாரம் கரையில் நின்று பார்த்தவர்கள் படி என்று சொல்ல மாட்டார்கள். பத்தடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு வைத்தோம். அகலம் ஐந்தடி என்று முடிவானதும் கட்டிலைத் தூக்கி நடந்து பார்த்துத்தான்.

இப்போது இருக்கும் தகராறு மோட்டார் சைக்கிள். இளைஞர்கள் ஓட்டிப் போக விரும்புகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அது ஆபத்து. இரு முனையிலும் நடுவில் ஒரு கல்தூண் நட்டிருக்கிறோம். வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம், ஏறி ஓட்ட முடியாது. எதிர்ப்புச் சொன்ன இளைஞர்களில் இருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டோம், தூணின் இடைவெளியை அவர்களே அளந்து சொன்னார்கள். பிடி அரிசி நிற்கவில்லை. வாரம் ஒரு முறை என்பது மாதம் ஒரு முறையாகிவிட்டது. பராமரிப்புச் சம்பளமும் சூரிய விளக்கின் பேட்டரியும் அதிலிருந்துதான். தீபாவளிக்குப் பின் கைப்பிடிக்குத் துருத்தடுப்பு வண்ணம் பூச வேண்டும், கிழக்குக் கரை ஏற்றத்தில் மண் கரையாமல் வெட்டிவேர் நட வேண்டும். வரைபடத்தின் நகல் கோயிலில் இருக்கிறது. கேட்கும் ஊருக்குப் படி எடுத்துக் கொடுக்கிறோம். ஓடைக்கு ஓடை மண் வேறு என்பதால் தூண் அளவை மட்டும் உங்கள் மண்ணைச் சோதித்த பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.